வெட்டி எறிந்த பச்சை வயர்

மகள்,

இந்தக் கடிதத்தை வேலைத்தலத்தில் நின்றபடி வாசிக்காதே. உன் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, ஒரு கதிரையில் இருந்து வாசி. எனக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். இதை எழுதத் தொடங்கியதிலிருந்து அவள் சொன்னது சரிதான் என்று ஆகிவிட்டது. ஒரு வரி எழுதுகிறேன், எழும்பிப் போய்ப் படலையைப் பார்க்கிறேன், தண்ணீர் குடிக்கிறேன், திரும்ப வந்து எழுதிய வரியை வெட்டுகிறேன். மூன்று தாள் கிழித்தாகிவிட்டது. "மகளுக்குக் கடிதமோ, இல்லாட்டி பெட்டிசமோ?" என்று குசினிக்குள்ளிருந்து கேட்கிறாள். பெட்டிசம்தான். எனக்கு எதிராக நானே எழுதுகிற முறைப்பாடு.

போனில் சொல்லியிருக்கலாம் என்று நீ நினைப்பாய். நமக்குள் போனில் என்ன கதை நடக்கிறது என்று உனக்குத் தெரியாதா? "சாப்பிட்டியா?" "ஓம் அப்பா." "அங்க மழையோ?" "இல்லையப்பா." "சரி, அம்மாட்டக் குடுக்கிறன்." மட்டக்களப்புக்கு நீ வேலைக்குப் போன நாளிலிருந்து இவ்வளவுதான். இதற்குள் நான் சொல்லவேண்டியதைத் திணிக்க இடமில்லை. கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமை, ஒன்றரை மாதம்தான், இருக்கிறது. அதற்கு முன் வீட்டை உன் பெயருக்கு எழுதவேண்டும். நம் பக்கத்தில் பெண் பிள்ளைக்குத்தான் வீடு. மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார், தாய் தகப்பன் பின்னால் ஓர் அறையைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த வீட்டைப் பற்றி ஒரு உண்மையை உனக்குச் சொல்லாமல் வீட்டு உறுதிப் பத்திரத்தை உன் கையில் தர என் மனம் ஒப்பவில்லை. அதை அறிந்த பிறகு இந்த வீடும் வேண்டாம், இந்தத் தகப்பனும் வேண்டாம் என்று நீ சொன்னால் நான் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். அந்தப் பயத்தில்தான் இத்தனை தாள் கிழிந்தது.

ஐம்பத்துமூன்று வயதில் அப்பா வகுப்புக்குப் போகிறார் என்று நீ உன் சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரித்தாயாம். சிரிக்கவேண்டிய விஷயம்தான். இருபத்தாறு வருடம் துறைமுக ஜெட்டியில் கப்பலைக் கரையோடு கட்டினவன் நான். கப்பல் மேலேயிருந்து மாலுமிகள் எறிகிற மெல்லிய கயிற்றைப் பிடித்து, அதோடு வருகிற தொடை மொத்தக் கயிற்றை இழுத்து, கரையிலிருக்கும் இரும்புக் குற்றியில் மாட்டுகிற வேலை. வலது தோள் போன பிறகு, பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கொந்தராத்துக்காரர் இரக்கப்பட்டு கேட்டில் ஒரு கதிரை போட்டுத் தந்தார். வருகிற லொறியின் நம்பரை எழுதவேண்டும், போகிற லொறியின் நம்பரை எழுதவேண்டும். மூன்றாம் நாள் கதிரையை அவரிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு இரண்டு மாதம் கடற்கரை வீதியில் மேலும் கீழும் நடந்தேன். "வீட்டில நிண்டு என்ர பானையளுக்கு மூடி சரியோ எண்டு பாக்காதேங்கோ, எங்கயாவது போய்ப் படியுங்கோ" என்று உன் அம்மா வீட்டைவிட்டுக் கலைத்தாள். அவள் ஏச்சுக்காகச் சொன்னதை நான் வேதவாக்காக எடுத்து, தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீசியன் வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், மின்சார வேலை எனக்கு ஏற்கெனவே தெரியும், ஒரு சான்றிதழ்த் துண்டுதான் குறை என்ற எண்ணம். அந்த எண்ணத்தோடு நான் போன மிதப்பை நீ பார்த்திருக்கவேண்டும்.

முதல் நாள் நான் உள்ளே போனதும் வகுப்பே எழும்பி நின்றது, நான்தான் படிப்பிக்க வந்தவன் என்று நினைத்து. அது எனக்குப் பிடித்திருந்தது. "இருங்கோ, இருங்கோ" என்று கையைக் காட்டிவிட்டு நானும் கடைசி வாங்கில் போய் இருந்தேன். அன்றைக்கு அவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் முடியவில்லை. படிப்பிக்கிறவர் கிண்ணியாவிலிருந்து வருகிற ஒரு பிள்ளை, உன்னைவிட மூன்று நான்கு வயதுதான் கூட இருக்கும். எல்லோரும் மிஸ் என்கிறார்கள், நானும் மிஸ் என்கிறேன். அவர் என்னை ஐயா என்கிறார், ஆனால் பிழையைப் பிழை என்று சொல்ல ஒரு நாளும் தயங்குவதில்லை.

இரண்டாம் கிழமை இரண்டு வயரை இணைக்கச் சொன்னார். நான் கயிற்றுக்காரன். இழைகளைப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று பின்னி, கப்பலே இழுத்தாலும் கழலாத மாதிரி முறுக்கி, மேலே டேப் சுற்றி, பெருமையாக நீட்டினேன். மிஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயா, நல்ல வடிவா இருக்கு. ஆனா இதை நான் பாஸ் பண்ண ஏலாது" என்றார். "இழுத்துப் பாருங்கோ மிஸ், வருதோ எண்டு" என்று நான் நின்றேன். "கரண்ட் இழுக்கிறேல்ல ஐயா, சுடுறது. முறுக்கின இடம் நாளாக இளகும், இளகினா சூடேறும், ஒரு நாளைக்கு எரியும். பெட்டிக்குள்ள வைச்சு, கனெக்டர் போட்டு, ஸ்க்ரூவை இறுக்கோணும்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருபத்தாறு வருடத்தில் நான் கட்டிய கப்பல் ஒன்றும் ஓடிப்போனதில்லை என்று வகுப்பில் சத்தம் போட்டேன். அடுத்த நாள் போகவும் இல்லை. அதற்கடுத்த நாள் போனேன், வேறு போக இடமில்லாததால்.

இனித்தான் சொல்லவேண்டிய விஷயம். இப்போதும் ஒரு தரம் எழும்பிப் போய் வந்துதான் இதை எழுதுகிறேன். ஒரு நாள் மிஸ் ஒரு பழைய தண்ணீர் மோட்டரை மேசையில் வைத்து, மீட்டரைப் பூட்டிக் காட்டினார். மோட்டர் பழசானால் உள்ளே சுற்றியிருக்கிற கம்பியிலிருந்து அதன் இரும்பு உடம்புக்குக் கரண்ட் கசியும். அப்படிக் கசிவதைப் பச்சை வயர் மண்ணுக்குக் கொண்டுபோய்விடும். போகவேண்டிய வழியைவிட்டுக் கரண்ட் வேறு வழியில் போகிறது என்று கண்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுந்து, வீட்டுக் கரண்ட் முழுவதையும் நிறுத்திவிடும். "ஆக்கள் என்ன செய்வினம் எண்டா, ட்ரிப் விழுதெண்டு பச்சை வயரை வெட்டுவினம். அதுக்கும் விழுந்தா ட்ரிப் சுவிட்சை விலத்தி நேரடியாக் குடுப்பினம். அதுக்குப் பிறகு அந்த மோட்டரும் பைப்பும் கொலைகாரன்" என்றார். பிறகு வகுப்பைப் பார்த்து, ஈர நிலத்தில் வெறுங்காலுடன் நின்று அந்தப் பைப்பைத் தொட்டால் முதலில் எப்படி இருக்கும் என்று கேட்டார். முன் வாங்கிலிருந்து ஒருத்தன் சொன்னான்: "கடிக்கும் மிஸ்."

தலை சுற்றுகிறது என்று சொல்லி வெளியே வந்து, பயிற்சி நிலைய மதிலில் கை வைத்துக்கொண்டு நின்றேன். உன் குரல்தான் காதில் கேட்டது.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வீட்டு வயரிங்கை ஒருவர் முறைப்படி செய்து தந்திருந்தார். கிணற்று மோட்டர் மட்டும் நான் பிறகு பழையதாக வாங்கி, நானே பூட்டியது. அதைப் போடும்போதெல்லாம் ட்ரிப் விழும். ஒரு நாள் எரிச்சலில் பச்சை வயரை வெட்டிப் பார்த்தேன். விழுவது குறைந்தது. ஏதோ கண்டுபிடித்தவன் மாதிரி அதை உன் அம்மாவுக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். மாரி மழை தொடங்கியதும் திரும்ப விழத் தொடங்கியது. அப்போது ட்ரிப் சுவிட்சுக்குள் வருகிற வயரையும் போகிற வயரையும் கழற்றி, ஒன்றோடொன்று முறுக்கி, டேப் சுற்றிவிட்டேன். பிறகு அது விழவே இல்லை. எப்படி விழும்? அது சுவரில் சும்மா ஒரு சோடனையாக இருந்தது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள், அரை எலக்ட்ரீசியனுக்கு அவ்வளவு பேர் தேவையில்லை, வீட்டில் இருக்கிற மூன்று பேர் போதும்.

சனிக்கிழமை கிணற்றடியில் பாசி தேய்ப்பது உன் வேலை. ஒரு சனிக்கிழமை தும்புக்கட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாய். "அப்பா, அந்தப் பைப் கடிக்குது" என்றாய். "பைப்புக்குப் பல்லு முளைச்சிருக்கோ? வேலைக் கள்ளி" என்று நான் சிரித்தேன். உன்னைக் கூட்டிக்கொண்டு போய், நானே பைப்பைப் பிடித்துக் காட்டினேன். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. "பாத்தியா?" என்றேன். நான் ரப்பர் செருப்போடு நின்றேன், மகள். நீ வெறுங்காலுடன் நின்றிருந்தாய். ஒரு செருப்பின் வித்தியாசம். அதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. நீ பிறகு அந்தப் பக்கம் போகப் பயந்து இரண்டு சனிக்கிழமை தேய்க்காமல் விட்டாய், நான் வேலைக்கு நின்றதால் அதைக் கவனிக்கவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அம்மா கிணற்றடியில் விழுந்தாள். மணிக்கட்டு இரண்டாக முறிந்தது, காதுக்கு மேல் ஏழு தையல். நான் ஜெட்டியிலிருந்து ஓடிவந்து பார்த்தபோது நிலம் பச்சையாக இருந்தது. அதுதான் காரணம் என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஆஸ்பத்திரி விறாந்தையில் பெரிய மாமாவும் மாமியும் அயல் சனமும் நிற்க, உன்னைப் பார்த்துச் சொன்னேன்: "இவள் தேய்ச்சிருந்தா அம்மா விழுந்திருக்க மாட்டா." நீ பள்ளிக்கூடச் சட்டையோடு சுவரோரம் நின்றாய். வாயைத் திறந்தாய். பிறகு மூடிக்கொண்டாய். அன்றைக்கு நீ சொல்ல வந்தது என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். பைப் கடிக்குது என்று அதன் பிறகு ஒரு நாளும் நீ சொல்லவில்லை. அம்மாவுக்கு அந்தக் கையால் தேங்காய்ப்பூப் பிழிய முடியாது என்று ஆனபோது, யாரும் சொல்லாமலே நீ பிழியத் தொடங்கினாய். பன்னிரண்டு வயதிலிருந்து இந்த வீட்டுக் கறிக்கெல்லாம் பால் பிழிந்தது உன் கை. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு பெரிய மடையன்!

அந்த மோட்டர் ஒரு மாதத்துக்குள் எரிந்துபோனது. கடையிலிருந்து வந்த ஆள் புதியதைப் பச்சை வயரோடு சேர்த்துப் பூட்டிவிட்டுப் போனார். அதனால் பைப் கடிப்பது நின்றது, நானும் மறந்துவிட்டேன். வகுப்பில் தலை சுற்றிய அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்து, மெயினை நிறுத்திவிட்டு, போர்டைத் திறந்து பார்த்தேன். பதினைந்து வருடத்துக்குப் பிறகும் நான் முறுக்கிய வயர் அப்படியே இருந்தது. டேப் கருகி, கீழே செம்பு கறுத்திருந்தது. யார் செய்தது என்று கேட்கத் தேவையில்லை. கயிற்றுக்காரன் முறுக்கு எது என்று எனக்குத் தெரியாதா?

உன் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நேரே போய்க் கேட்டேன். "அண்டைக்கு நீ வழுக்கியே விழுந்தனீ?"

அவள் நிமிரவில்லை. "இப்ப என்னத்துக்கு அந்தக் கதை?"

"வழுக்கினதோ, இல்லையோ?"

"வழுக்கேல்லை. பைப்பில கை வைச்சனான், இழுத்தது. உதறி எறிஞ்சது."

"ஏன் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? நீங்கள் பூட்டின மோட்டர். அண்ணன் ஆக்கள் முழுக்க நிக்கினம். பெண்டாட்டியைக் கரண்டில குடுத்தவன் எண்டு உங்களைச் சொல்ல விடுறதோ?" கத்தியை வைத்துவிட்டுக் கை கழுவினாள். "அவள் சின்னப் பிள்ளைதானே, மறந்திடுவாள் எண்டு நினைச்சன். பழி ஓரிடம் பாவம் ஓரிடமாப் போச்சு."

மறந்திடுவாள் என்று நினைத்தாளாம். அவளோடு கோபிக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அவள் என் மானத்தைக் காப்பாற்ற வாயை மூடினாள். அதற்கான தண்டனையை நீ அனுபவித்தாய். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

அதன் பிறகு எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. ஆட்கள் முன்னால் சொன்ன பழியை ஆட்கள் முன்னால்தான் எடுக்கவேண்டும் என்று தோன்றியது. அடுத்த நாளே பஸ் ஏறி, கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, கிளிவெட்டிக்குப் போய் பெரிய மாமாவின் முற்றத்தில் நின்றேன். மாமா வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். "கலியாணத்துக்கு நாள் வைச்ச நேரத்தில இது என்ன விசர்க்கதை மச்சான்? பிள்ளையும் மறந்திருப்பாள், நாங்களும் மறந்திட்டம்" என்றார். "நீங்கள் மறக்கேல்லை. போன வருசமும் பொங்கலுக்கு வந்து, இந்தமுறையாவது பாசி தேய்ச்சியோ எண்டு அவளைப் பகிடி பண்ணினனீங்கள்" என்றேன். மாமா கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார். பிறகு மாமியையும் கூப்பிட்டு, திரும்ப ஒரு தரம் முழுவதையும் என்னைக் கொண்டு சொல்ல வைத்தார். கலியாண வீட்டில் யாரும் அந்தப் பகிடியை எடுக்கமாட்டார்கள். மாமா தானே உன்னிடம் கதைக்கவேண்டும் என்றார், கடிதம் முதலில் போகட்டும் என்று நான்தான் மறித்திருக்கிறேன்.

வீட்டு வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். மூன்று கிழமையாக வகுப்பு முடிந்து வந்து அதே வேலைதான். ஏணியில் ஏறுவதும் இறங்குவதுமாகத் தோள் சத்தம் போடுகிறது. புது ட்ரிப் சுவிட்ச் போட்டாயிற்று, மண்ணுக்குள் செம்புக் கம்பி புதிதாக இறக்கியாயிற்று, ஒரு முறுக்குக்கூட இல்லை, எல்லாம் கனெக்டர். என் வேலையை நானே சரி என்று சொல்ல எனக்கு இனிமேல் உரிமை இல்லை. அதனால் மிஸ்ஸை வரச் சொன்னேன். அவர் மீட்டரோடு வந்து அறை அறையாகப் பார்த்து, குசினியில் ஒரு பிழை பிடித்தார், அதைத் திருத்தினேன். எதற்காக இவ்வளவு அவசரம் என்று கேட்டார், சொன்னேன். "வகுப்பில சொல்லலாமோ ஐயா, பேர் சொல்லாமல்?" என்றார். பெயரையும் சொல்லுங்கோ என்றேன். என் வகுப்புச் சோதனை அடுத்த மாதம். பாஸ் பண்ணினாலும் பண்ணாவிட்டாலும் முதலில் உனக்கு எழுதவேண்டும் என்று நினைத்து நினைத்து நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு மாப்பிள்ளை வெருகலிலிருந்து கலியாண அழைப்பிதழைக் காட்ட வந்தார். நல்ல பிள்ளை, கதைத்துச் சிரிக்கத் தெரிந்தவர். தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொன்னார்: "மாமா, உங்கட மகளுக்கு ஒரு துப்பரவு வருத்தம் இருக்கு. எங்கட வீட்டுக்கு வந்தண்டு பாத்ரூமுக்குள்ள போய் நிலம் முழுக்கத் துணியால துடைச்சுப்போட்டு, பிறகுதான் என்ர அம்மாவை உள்ள விட்டவ. அம்மா குளிச்சு முடிய மட்டும் வாசலில நிண்டவ. அவ வாடகைக்கு இருக்கிற அனெக்சிலயும் அப்பிடித்தானாம். மற்றப் பிள்ளையள் பகிடி பண்ணுவினமாம்." நான் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. உன் அம்மா எழும்பிக் குசினிக்குள் போனவள், அவர் போகும் வரைக்கும் வெளியே வரவில்லை.

நீ இங்கே வரும்போதும் அப்படித்தானே? பையை வைத்துவிட்டு, உடுப்பு மாற்றமுதல், தும்புக்கட்டையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவாய். என் மகள் எவ்வளவு துப்பரவு என்று நான் ஜெட்டியில் எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறேன்! பதினைந்து வருடமாக நீ ஒரு குற்றத்தைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாய், அது என்னுடைய குற்றம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், புத்தி சொல்கிற தகுதி இல்லாவிட்டாலும். நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, ஏதோ ஒன்று கடிக்கிறது என்று ஓடிவந்தால், செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பிள்ளை நின்ற இடத்தில் போய் நின்று பார். நான் செய்யாதது அதுதான்.

மகள், அம்மா பாசியில் வழுக்கவில்லை. நீ தேய்த்திருந்தாலும் அவள் விழுந்திருப்பாள். தேய்க்கப் போயிருந்தால் நீயே விழுந்திருப்பாய், இந்தக் கடிதத்துக்கு ஆள் இருந்திருக்காது. நீ அன்றைக்கு உண்மையைச் சொன்னாய், நான் நம்பவில்லை. என்னை மன்னிப்பதும் விடுவதும் உன் விருப்பம். வீட்டை எடுப்பதும் விடுவதும் உன் விருப்பம். ஒன்றை மட்டும் கேட்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை நீ வரும்போது கிணற்றடிப் பக்கம் போகாதே. அதை நான் தேய்த்து வைத்திருப்பேன். நீ வந்து, கதிரையில் இருந்து, அம்மா தருகிற தேத்தண்ணியை ஆற விடாமல் குடி.

அப்பா